கோள்செடி

மழை தூறத் தொடங்கினால் நத்தக்குளத்தில் சிலர் கொடியில் காயும் துணியை எடுக்க ஓடுவார்கள், சிலர் களத்தில் காயும் வற்றலை அள்ள ஓடுவார்கள். ராமர்பாண்டி மட்டும் புஞ்சைக்கு ஓடுவான். வரப்பில் ஒற்றை வரிசையாக நிற்கும் முழங்கால் உயரச் செடிகளின் மேல் ஒரு துளி விழுவதற்குள் நீளப் படுதாவை இழுத்து மூடி, ஓரமெல்லாம் கயிற்றால் கட்டிவிட்டு, தான் தொப்பலாக நனைந்து வீடு வந்து சேருவான். யாராவது கேட்டால், "பூச்சி விழுந்திருக்கு, மருந்து வச்சிருக்கேன், கரைஞ்சிரும்" என்பான்.

வானம் பார்த்த கரிசல் பூமியில் மழையை வேண்டாம் என்று மூடி வைக்கிறவனை ஊர் அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். ஆனால் ராமர்பாண்டி இருபது வருஷமாக எதையாவது புதிது புதிதாகச் செய்து ஒன்றும் விளங்காமல் போனவன் என்பதால், இதுவும் அந்தக் கணக்கில் சேர்ந்துவிட்டது.

அவன் அப்படி ஓடியதற்குக் காரணம் பூச்சி இல்லை. காரணத்தின் பெயர் ஜெகதீஷ். ராமர்பாண்டியின் சகலை.

வெள்ளத்துரைக்கு இரண்டு மகள்கள். மூத்தவள் பவித்ராவை ராமர்பாண்டிக்கும், இளையவள் சௌமியாவை ஜெகதீஷுக்கும் கொடுத்தார். எட்டு ஏக்கர் புஞ்சையை நடுவில் வரப்புப் போட்டு ஆளுக்கு நாலாகப் பிரித்தும் கொடுத்தார். வரப்பு மூத்த மகளுக்குச் சேர்ந்தது என்பது அவர்கள் வகையறாவின் வழக்கம். மூத்த மாப்பிள்ளைக்கு மாமனார் வீட்டில் கிடைத்த ஒரே மரியாதை அந்த மூன்றடி அகல வரப்புதான் என்று ராமர்பாண்டி நினைத்தான். மற்ற மரியாதையெல்லாம் இளையவனுக்குப் போனது. பந்தியில் மாமனார் இவனைப் பார்த்து, "மாப்ளே, அந்தத் தண்ணிச் செம்ப இப்படித் தள்ளுங்க" என்பார். அவனைப் பார்த்து, "மாப்ளே, இன்னொரு அப்பளம் வச்சுக்கிடுங்க" என்பார். அப்பளத்துக்காக ஒரு மனிதன் வயிறெரிவானா என்று கேட்கக் கூடாது. எரிந்தவனுக்குத்தான் தெரியும்.

ஜெகதீஷ் கெட்டவனாக இருந்திருந்தால்கூட மனசுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். பாவி, நல்லவனாக வேறு இருந்தான். வாய்க்கு வாய் அண்ணே, அண்ணே என்று பின்னாலேயே வருவான். ராமர்பாண்டி திட்டினாலும் சிரிப்பான்.

அந்த வருஷம் வறண்ட நில ஆராய்ச்சி நிலையத்திலிருந்து நஸ்ரின் வந்தாள். முப்பது வயது விஞ்ஞானி. ஊர்க் கூட்டத்தில் ஒரு தொட்டிச் செடியை மேசையில் வைத்துவிட்டுப் பேசினாள்.

"சோளப் பயிருக்கு தாகம் எடுத்தா என்ன பண்ணும்? இலையில கண்ணுக்குத் தெரியாத வாய் ஆயிரக்கணக்குல இருக்கு. அத மூடிக்கிடும். இலையச் சுருட்டிக்கிடும். வேர ஆழத்துக்கு அனுப்பும். ஆனா தாகம் எடுத்த பெறகுதான் செய்யும். அதுக்குள்ள பாதி ஈரம் போயிருது. இந்தச் செடி மண்ணு லேசா காய ஆரம்பிச்சதுமே பயந்துக்கிடும். பயந்ததும் வேர் வழியா ஒரு சேதி விடும். பக்கத்துல இருக்கிற சோளம் அதக் கேட்டு அடுத்த வரிசைக்குச் சொல்லும். மூணு நாளைக்குள்ள புஞ்சைக்காடு முழுக்க சேதி போயிரும். எல்லாப் பயிரும் முன்கூட்டியே வாய மூடிக்கிடும்."

"அப்ப இது கோள் சொல்ற செடின்னு சொல்லுங்க" என்றார் வெள்ளத்துரை. கூட்டம் சிரித்தது. நிலையம் வைத்த நீளமான பெயரை அத்தோடு எல்லோரும் மறந்துவிட்டார்கள். அது கோள்செடி ஆகிவிட்டது.

"பொய்க் கோள் சொன்னா?" என்று கேட்டது ராமர்பாண்டி.

நஸ்ரினுக்கு அந்தக் கேள்வி பிடித்திருந்தது. "செடிக்கு மெய் பொய் தெரியாது அண்ணாச்சி. கேட்டா நம்பிரும். நல்லா மழை பேய்ஞ்சுக்கிட்டு இருந்தாலும், கோள்செடி சொல்லிருச்சுன்னா சோளம் வாய மூடிட்டு வளராம நிக்கும்" என்றாள்.

பிறகு முக்கியமான விஷயத்துக்கு வந்தாள். அறுவடையின்போது வறட்சியை நன்றாகத் தாங்கிய ஒரு காட்டை நிலையம் விதைக்காடாகத் தேர்ந்தெடுக்கும். அந்தக் காட்டுக்குக் கடல்நீரை நன்னீராக்கிக் கொண்டுவரும் குழாயில் பத்து வருஷத்துக்கு இணைப்பு. அதற்குமேல் அவள் சொன்ன எதுவும் யார் காதிலும் விழவில்லை. கரிசலில் பத்து வருஷத் தண்ணீர் என்றால் ஒரு மனிதன் இனிமேல் வானத்தைப் பார்க்காமல் சாப்பிடலாம் என்று பொருள்.

எல்லோரும் யாரைப் பார்க்கிறார்கள் என்று ராமர்பாண்டி கவனித்தான். எல்லோரும் ஜெகதீஷைப் பார்த்தார்கள். மாமனாரும்தான்.

மறுநாளே ராமர்பாண்டி வேலையைத் தொடங்கினான். வரப்பில் கோள்செடி நடுவதற்கு முன்பு, தன் பக்கத்து ஓரமாக இடுப்பளவு பள்ளம் தோண்டினான். பண்ணைக்குட்டைக்கு விரிக்கிற கறுப்பு ஷீட் மிச்சம் கிடந்தது. அதை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை செங்குத்தாக இறக்கி மண்ணைத் தள்ளி மூடினான். இனி கோள்செடி என்ன சொன்னாலும் அவன் சோளத்துக்குக் கேட்காது. ஜெகதீஷின் சோளத்துக்கு மட்டும்தான் கேட்கும்.

"வரப்பு வேலைய எல்லாம் நீங்களே பாக்குறீங்களே, நானும் வரட்டா?" என்று ஜெகதீஷ் கேட்டான்.

"வேண்டாம் தம்பி. ஒன் இடுப்பு வலிக்கும்."

"நீங்க தங்கம்ணே" என்று சொல்லிவிட்டுப் போனான் ஜெகதீஷ்.

ஐப்பசியில் மழை ஒழுங்காகப் பெய்தது. படுதாவுக்குக் கீழே கோள்செடி காய்ந்து பயந்தது. பயந்து கோள் சொன்னது. ராமர்பாண்டியின் சோளம் தோளுக்கு வளர்ந்து அகல அகலமாக இலை விரித்து நின்றது. ஜெகதீஷின் சோளம் இடுப்பைத் தாண்டவில்லை. காலடியில் ஈரம் சொதசொதவென்று இருக்க, இலையைச் சுருட்டிக்கொண்டு நின்றது. மருந்து அடித்துப் பார்த்தார்கள், உரம் போட்டுப் பார்த்தார்கள், சௌமியா கோயிலில் திருநீறு வாங்கிவந்து காட்டில் தூவினாள். ஒன்றும் நடக்கவில்லை.

ராமர்பாண்டிக்கு அந்த ஒரு மாதம் போல இனித்த மாதம் கல்யாணமாகி வந்த பிறகு வேறு இல்லை. காலையில் டீ குடிக்கும் முன்னால் போய்ப் பார்த்துவிட்டு வருவான். சுருண்ட இலைகளைப் பார்த்தால்தான் டீ ருசித்தது.

ஆனால் அந்த இன்பத்திலும் ஒரு முள் இருந்தது. வெள்ளத்துரை தினமும் வந்து ஜெகதீஷின் காட்டில் நின்றார். அவன் தோளில் கை போட்டுக்கொண்டு பேசினார். தோளுயரப் பயிர் வளர்த்த மூத்த மாப்பிள்ளையின் காட்டுப் பக்கம் திரும்பியும் பார்க்கவில்லை. ஜெயித்தால் பார்ப்பார் என்று நினைத்தவன், தோற்றவனுக்குக் கிடைத்த அந்தக் கையைப் பார்த்துவிட்டு அன்று சாப்பிடவில்லை.

"ஒங்களுக்கு என்னதாங்க வேணும்?" என்று பவித்ரா கேட்டாள். "பயிர் நல்லாத்தான நிக்கு?"

"ஒங்கப்பா என் தோள்ல என்னைக்காவது கை போட்டிருக்காரா?"

"போட்டா நீங்க எதுக்குப் போடுறாருன்னு கேப்பீங்க" என்றாள் அவள்.

கார்த்திகை முதல் வாரத்தோடு மழை நின்றது. கதிர் வருகிற நேரம். பத்து நாள், இருபது நாள், நாற்பத்து மூன்று நாள். மேகம் வந்தது, பார்த்தது, போய்விட்டது. கரிசல் மண் கை நுழைகிற அளவுக்கு வெடித்தது. ஊரில் மற்றவர்களின் காட்டில் கோள்செடி நேரத்துக்குச் சொல்லியதால் பாதிக்குப் பாதியாவது தப்பியது. ராமர்பாண்டியின் காட்டுக்குச் சொல்ல ஆளில்லை. அவனே காதை அடைத்துவிட்டானே. மேல் ஈரத்திலேயே சொகுசாக வளர்ந்த பயிருக்கு ஆழத்தில் வேரும் இல்லை. பன்னிரண்டாம் நாள் இலை வெளுத்தது, இருபதாம் நாள் சோளத்தட்டை காய்ந்து சரசரத்தது, கதிர் பதராகப் போனது.

ஜெகதீஷின் குட்டைச் சோளம் பச்சையாக நின்றது. அறுக்கிற அன்று ஒவ்வொரு கதிரும் ஒரு கைப்பிடியில் அடங்கவில்லை.

நஸ்ரின் வந்து அந்தக் காட்டில் குழி தோண்டிப் பார்த்தாள். ஏழடிக்குக் கீழேயும் வேர் இருந்தது. செடிகளின் சேதியைப் பதிவுசெய்ய நிலையம் நட்டிருந்த அளவுகோல் குச்சிகளின் பதிவைத் தன் திரையில் பார்த்தாள். மறுபடியும் பார்த்தாள்.

கூட்டுறவுச் சங்கக் கட்டடத்தில் கூட்டம். "பதினோரு தடவை சேதி போயிருக்கு" என்றாள். "மழை பேய்ஞ்ச நாள்லயே. ஒவ்வொரு தடவையும் பயிர் பயந்து வேரக் கீழ எறக்கியிருக்கு. செடிக்கு ஞாபகம் உண்டு. சின்னதுல பட்டது, பெருசானதும் தாங்கும். நிஜ வறட்சி வந்தப்ப இந்தப் பயிருக்கு அது பன்னெண்டாவது வறட்சி. எப்படிண்ணாச்சி பண்ணுனீங்க?"

ஜெகதீஷ் எழுந்து நின்று விழித்தான். "எனக்கு ஒண்ணும் தெரியாது மேடம். மாமா ஆசீர்வாதம்னுதான் நெனைக்கேன்."

கைதட்டினார்கள். வெள்ளத்துரை எழுந்து தன் தோளில் கிடந்த துண்டை எடுத்து அவனுக்குப் போர்த்தினார். ராமர்பாண்டி கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தான். அவன் தோண்டிய பள்ளம். அவன் நனைந்த மழை. பதினோரு தடவையும் அவன் ஓடிய ஓட்டம். துண்டு மட்டும் அங்கே போகிறது. மனசாட்சி உறுத்தி எழுந்தான் என்று எழுத எனக்கும் ஆசைதான். அவன் எழுந்தது தாங்கமாட்டாமல்.

"அது நான் பண்ணுனது" என்றான்.

முதலில் ஒருவரும் திரும்பவில்லை. மறுபடியும் சத்தமாகச் சொன்னான். "அவன் பயிரக் கெடுக்கணும்னு நான்தான் பண்ணுனேன். படுதா போட்டு மூடுனதும் நான்தான்."

கூட்டம் சிரித்தது. வெள்ளத்துரைக்கு முகம் சுருங்கியது. "உக்காருங்க மாப்ளே. அவர் பேர் வாங்குறது பொறுக்கல, சரி. அதுக்காக கெடுத்தேன்னு பொய் சொல்லியா பேர் வாங்கணும்?"

ராமர்பாண்டிக்கு அழுகையே வந்துவிட்டது. செய்த துரோகத்தைக்கூட ஊர் தன்னுடையது என்று ஒத்துக்கொள்ளவில்லை. மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வரப்புக்கு நடந்தான். கூட்டம் வேடிக்கை பார்க்கப் பின்னால் வந்தது. இடுப்பளவு தோண்டி, கறுப்பு ஷீட்டின் விளிம்பைப் பிடித்து இழுத்துக் காட்டினான். அப்புறம் யாரும் சிரிக்கவில்லை. வெள்ளத்துரை மூத்த மருமகனைப் பார்க்கவில்லை, மண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றார். சௌமியா தன் அக்காவைப் பார்த்தாள். பவித்ரா தலையில் அடித்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாள்.

நஸ்ரின் மட்டும் சந்தோஷப்பட்டாள்.

"நாலு வருஷமா நாங்க இதத்தான் செய்யப் பாக்குறோம்" என்றாள். "பத்து ஊர்ல இந்தச் செடியக் குடுத்தோம். பத்துப் பன்னெண்டு தடவை பொய்ச் சேதி விடுங்க, இலை சுருண்டாலும் கண்டுக்காதீங்கன்னு சொல்லிச் சொல்லிப் பாத்தோம். ஒருத்தரும் செய்யல. நான் பஸ் ஏறுனதும் படுதாவ எடுத்துட்டுத் தண்ணிய ஊத்திருவாங்க. தன் பயிர் வாடுறத ஒரு விவசாயியால பாத்துக்கிட்டு இருக்க முடியல. தானா மூடுற மெஷின் வச்சோம். அதையும் நிறுத்திப்புட்டாங்க. ஒங்களால எப்படி முடிஞ்சது?"

அவன் மண்வெட்டியில் ஒட்டிய மண்ணைச் சுரண்டினான்.

"சொல்லுங்க அண்ணாச்சி. இது ஆராய்ச்சிக்குத் தேவை."

"அவனக் கண்டா எனக்கு வயிறு எரியும் மேடம்" என்றான் ராமர்பாண்டி, ஊர் முழுக்க நிற்க.

அவள் அதை அப்படியே குறித்துக்கொண்டாள்.

விதைக்காட்டு இணைப்பு ஜெகதீஷுக்குப் போனது. அடுத்த போகத்துக்கு இன்னொரு காட்டுக்கும் இணைப்பு உண்டு என்று அறிவித்தார்கள். கூடவே புதிய திட்டமும் வந்தது. ஒவ்வொருவர் காட்டின் கோள்செடியையும் இன்னொருவர்தான் படுதா போட்டுக் கவனிக்க வேண்டும். காட்டுச் சொந்தக்காரர் அதைத் தொடக் கூடாது. விண்ணப்பத்தில் 'கவனிப்பவருக்கும் உரிமையாளருக்கும் உள்ள மனத்தாங்கல்' என்று ஒரு கட்டம் இருந்தது. அதை விவரமாக நிரப்பியவர்களுக்கு முன்னுரிமை.

தாலுகாவே தலைகீழானது. வரப்புத் தகராறில் பத்து வருஷம் கோர்ட்டுக்கு அலைந்த அண்ணன் தம்பி ஒரே ஸ்கூட்டரில் வந்து கையெழுத்துப் போட்டார்கள். விவாகரத்தான ஒருத்தி முன்னாள் புருஷனைத் தேடிப் போய் அழைத்து வந்தாள். நல்ல சிநேகிதர்களாக இருந்த இரண்டு பேர் திட்டத்துக்காகச் சண்டை போடுவது போல நடித்து, நடிப்பு முற்றி, இன்றுவரை பேசுவதில்லை. பகை என்பது ஒரு சொத்து என்று ஊருக்கு அப்போதுதான் புரிந்தது. அது இல்லாதவர்கள் கையைப் பிசைந்தார்கள்.

விதைக்காட்டுக்கும் இது கட்டாயம் என்பதால் ஜெகதீஷ் தன் விண்ணப்பத்தில் முதல் வேலையாக ராமர்பாண்டியின் பெயரை எழுதினான். "ஒங்களவிட எனக்கு யாருண்ணே இருக்கா?" என்றான். அதில் கேலி இருக்கிறதா என்று ராமர்பாண்டி ஒரு வாரம் யோசித்தான். இல்லை.

ராமர்பாண்டி தன் காட்டுக்கு ஆள் தேடினான். முதலில் கனகவேலிடம் போனான். சங்கத் தேர்தலில் இவன் நாலு ஓட்டில் தோற்கடித்த ஆள். நிச்சயம் மனசில் வைத்திருப்பான்.

"அதெல்லாம் அன்னைக்கே மறந்துட்டேன்யா" என்றான் கனகவேல். "அந்தப் பதவிய வச்சு நீயும் ஒண்ணும் பண்ணலையே. பாவம், ஒன் மேல எதுக்குப் பொறாமப்படணும்?"

பள்ளிக்கூடத்தில் கூடப் படித்தவனிடம் போனான். அவன் டீ வாங்கிக் கொடுத்து ஆறுதல் சொன்னான். ஊரில் பதினேழு வீடு ஏறி இறங்கினான். பதினேழு பேரும் அன்பாகப் பேசினார்கள். சிலர் அவன் கையைப் பிடித்துக்கொண்டு வருத்தப்பட்டார்கள். அவன் மீது கண் வைக்க ஊரில் ஒரு ஆள் கிடைக்கவில்லை.

கடைசியில் பவித்ராவிடமே கேட்டான். "நீ செஞ்சா என்ன? ஒனக்குத்தான் என் மேல ஆகாதே."

"கோவம் இருக்கு. நெறையவே இருக்கு" என்றாள் அவள். "பொறாம எதுக்கு இருக்கப் போவுது? ஒங்ககிட்ட என்ன இருக்கு?"

தானே செய்யலாமா என்றும் நிலையத்தில் கேட்டுப் பார்த்தான். ஒரு சிறு பாத்தியில் சோளம் போட்டுச் சோதித்துப் பார்க்க விட்டார்கள். படுதா மூடிய மூன்றாம் நாள் தன் சோளத்தின் முதல் இலை சுருண்டதும் அவன் கைகள் தாமாகவே படுதாவை அவிழ்த்துவிட்டன. சகலையின் காட்டில் பதினோரு தடவை அசையாத கைகள்தாம் அவை.

கெடு முடிகிற நாளில் ஜெகதீஷ் வந்தான். "நான் பாத்துக்கிடுதேன்ணே. கட்டத்துல என்ன எழுதணும்னு மட்டும் சொல்லுங்க."

ராமர்பாண்டிக்கு ஒரு நப்பாசை. இவ்வளவு செய்திருக்கிறோமே, இவன் அடிமனசில் எங்காவது ஒரு பொட்டுக் கசப்பு இருக்காதா? கட்டத்தில் தான் செய்த துரோகத்தையெல்லாம் தானே எழுதிக் கொடுத்தான். அதோடு நிற்காமல் ஜெகதீஷுக்கு வயிறெரிய வேண்டும் என்று பாடுபட்டான். கடன் வாங்கி எடுத்த புது வண்டியை அவன் வாசலில் கொண்டுபோய் நிறுத்தினான். தன் மகனின் மார்க்கை அவனிடம் இரண்டு தடவை சொன்னான். ஜெகதீஷ் வண்டியைத் துடைத்துக் கொடுத்தான். மகனுக்குப் பேனா வாங்கிக் கொடுத்தான்.

ஐப்பசி மழை பெய்து ஓய்ந்த ஒரு காலை. வரப்பின் நடுவே இப்போது நிலையமே ஷீட் இறக்கியிருந்தது; இந்தப் பக்கம் ஒரு வரிசை கோள்செடி, அந்தப் பக்கம் ஒரு வரிசை. ராமர்பாண்டி தன் காட்டை எட்டி நின்று பார்த்தான். இலைகள் லேசாகச் சுருண்டிருந்தன. முதல் சேதி போய்விட்டது. இன்னும் பத்துத் தடவைதான். அப்போது வரப்பில் ஜெகதீஷ் குனிந்திருப்பது தெரிந்தது. படுதாவைச் சுருட்டி வைத்துவிட்டு, குடத்திலிருந்து ஒவ்வொரு கோள்செடிக்கும் நிதானமாகத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தான்.

ராமர்பாண்டி ஓடி வந்தான். "என்னப்பா பண்ற? என்ன பண்ற நீ?"

ஜெகதீஷ் கையும் களவுமாகப் பிடிபட்டவன் போலக் குடத்தைப் பின்னால் மறைத்தான். "சுருண்டு கெடக்குண்ணே. நேத்தெல்லாம் சோறு எறங்கல எனக்கு. ஒங்க பயிருல்ல?"

"தம்பி, இங்க பாரு. நான் ஒன்னக் கெடுக்கப் பாத்தவன். ஒன் பயிரு வாடுறதப் பாத்துட்டுத்தான் டீ குடிச்சேன். கொஞ்சம்கூடவா ஒனக்கு என் மேல ஒண்ணும் இல்ல? நல்லா யோசிச்சுச் சொல்லு. எனக்காக."

ஜெகதீஷ் யோசித்தான். உண்மையாகவே முயற்சி செய்தான். நெற்றியைச் சுருக்கி, கண்ணை மூடி, எங்கெங்கோ தேடிப் பார்த்தான். அண்ணன் கேட்டு இல்லை என்று சொல்ல அவனுக்கு மனசு வரவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது.

"இல்லண்ணே" என்றான் கடைசியில், மன்னிப்புக் கேட்கிற குரலில். குடத்தில் மிச்சமிருந்ததையும் கடைசிச் செடிக்கு ஊற்றிவிட்டு, தலையைக் குனிந்துகொண்டு போனான்.

வரப்பின் இந்தப் பக்கம் கோள்செடிகள் குளிர்ந்து நிமிர்ந்தன. இனி அவை எதுவும் சொல்லாது. ராமர்பாண்டி அவற்றையே பார்த்துக்கொண்டு நின்றான். இப்படியும் ஒரு மனசு ஒருத்தனுக்கு வாய்க்குமா? அதுவும் அவனுக்கேவா? வயிற்றில் எரிச்சல் மெல்லக் கிளம்பி நெஞ்சுவரை வந்தது. இவ்வளவு பெரிதாக அது இதுவரை எரிந்ததில்லை.

மேற்கே மறுபடியும் தூறல் விழத் தொடங்கியது. ராமர்பாண்டி வரப்பைத் தாண்டி ஜெகதீஷின் பக்கம் போனான். படுதாவை இழுத்து விரித்து, கோள்செடிகளின் மேல் ஒரு சொட்டும் விழாதபடி முடிச்சுகளை ஒவ்வொன்றாக இறுக்கிக் கட்டினான்.